கடலைக் காட்டில் பரவிவிட்ட நாய்க்கடுகு: எப்படி ஒழிப்பது, அதன் விதையைத் தாளிக்கப் பயன்படுத்தலாமா?

கேள்வி: ஓமலூர் மேட்டுக்காடு

அனைவருக்கும் வணக்கம். ஓமலூரிலிருந்து மேச்சேரி செல்லும் வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. செம்மண் நிலம். கிணற்றில் தண்ணீர் குறைவு என்பதால் ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக நிலக்கடலை விதைத்து, அதைப் பிடுங்கியபின் ஈரம் நின்றால் கொள்ளு விதைப்பது எங்கள் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சொந்த எரு போதாமல், வெளியிலிருந்து இரண்டு டிராக்டர் எரு வாங்கிக் கொட்டினோம். அந்த ஆண்டு எருக்குவியல் கிடந்த மூலையில் மட்டும் மஞ்சள் பூப் பூக்கும் செடிகள் பத்துப் பதினைந்து முளைத்தன. அவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு கால்வாசிக் காட்டில் அவை தென்பட்டன. இந்த ஆண்டு கடலை வரிசையே தெரியாத அளவுக்கு நிலம் முழுவதும் எழுந்து நிற்கின்றன.

செடி இடுப்பு உயரம் வளர்கிறது. தண்டும் இலையும் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. கையில் ஒட்டிய நெடி சோப்புப் போட்டுக் கழுவினாலும் எளிதில் போவதில்லை. பூவுக்கு நான்கு இதழ்கள். காய் பச்சைப்பயற்றங்காயைப் போல் மெல்லியதாக, ஆனால் தொங்காமல் மேல்நோக்கி நிற்கிறது. என் மாமியார் இதை நாய்க்கடுகு என்கிறார். பக்கத்துக் காட்டுக்காரர் காட்டுக்கடுகு என்கிறார். கடுகு இனம்தானே, விட்டுவிட்டால் விதையை விற்கலாம் என்றும் சொல்கிறார். எங்களிடம் இருக்கும் பன்னிரண்டு மேச்சேரி ஆடுகளும் இதை முகர்ந்துவிட்டு விலகிப் போகின்றன.

கடலைக்கு இப்போது ஐம்பது நாள் ஆகிறது. முதல் களை எடுத்தோம். இரண்டாம் களைக்கு ஆள் கிடைக்காமல் நாள் தள்ளிப்போய்விட்டது. காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் களைக்கொத்தை உள்ளே விடுவதற்கு மனம் வரவில்லை. இது உண்மையிலேயே கடுகுதானா, இந்த ஆண்டுப் பயிரைக் காப்பாற்ற என்ன செய்யலாம், அடுத்த ஆண்டு இது வராமலிருக்க என்ன வழி என்பதை அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இன்னொன்றையும் கேட்க வேண்டும். மாமியார் சிறுவயதில் இதன் விதையைக் கடுகுக்குப் பதிலாகத் தாளித்ததாகச் சொல்லி, முற்றிய காய்களைப் பறித்து முறத்தில் காயவைத்திருக்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், சேலம்

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மாமியார் சொன்ன பெயரே சரியானது. இது நாய்க்கடுகு, நாய்வேளை என்ற பெயரும் இதற்கு உண்டு. தாவரவியலில் கிளியோம் விஸ்கோசா என்பார்கள். லின்னேயஸ் 1753-இல் இட்ட பெயர் இது; விஸ்கோசா என்றால் ஒட்டும் தன்மையுடையது என்று பொருள். நீங்கள் கையில் உணர்ந்த பிசுபிசுப்பு, தண்டிலும் இலையிலும் காயிலும் உள்ள சுரப்பி மயிர்களிலிருந்து வருகிறது. ஆடுகள் விலகிப் போவதற்கும் அந்தப் பிசினும் நெடியுமே காரணமாக இருக்க வேண்டும்.

கடுகு வேறு குடும்பம், இது வேறு குடும்பம். ஆனால் இரண்டும் மிக நெருங்கிய உறவுடைய குடும்பங்கள். கடுகின் காரத்துக்குக் காரணமான குளுக்கோசினோலேட் சேர்மங்கள் இரண்டிலும் உண்டு. ஆகவே நம் முன்னோர் இதற்குக் கடுகு என்று பெயர் வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. வயலில் நின்றபடியே இரண்டையும் பிரித்தறிய முடியும். கடுகுப் பூவில் மகரந்தத் தாள்கள் ஆறுதான். நான்கு நீளம், இரண்டு குட்டை. நாய்க்கடுகில் பத்துக்கும் மேல் கற்றையாக நிற்கும். கடுகின் இலை ஒற்றை இலை. இதில் ஒரே காம்பின் நுனியில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் விரல்களைப் போல் விரிந்திருக்கும். இன்னும் உறுதியாக அறிய வேண்டுமானால் காயைப் பிளந்து பாருங்கள். கடுகுக் காயின் நடுவே காகிதம் போன்ற மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கும், நாய்க்கடுகுக் காயில் அந்தத் தடுப்பு இருக்காது. வெள்ளைப் பூப் பூக்கும் நல்வேளை இதன் இனத்தைச் சேர்ந்தது. சங்கப் பாடலில் தயிரோடு சேர்த்துச் சமைத்ததாக வரும் வேளைப்பூ வெண்ணிறப் பூ என்பதால், அந்தப் பெருமையை இந்த மஞ்சள் பூச் செடிக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் காட்டுக்கடுகு என்று தேடினால் சினாபிஸ் ஆர்வென்சிஸ் என்ற வேறொரு செடியைப் பற்றிய செய்திகளே அதிகம் கிடைக்கும். அது உண்மையான கடுகுக் குடும்பத்துச் செடி. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து ஐரோப்பாவின் கோதுமை வயல்களுக்கும் கனடாவின் சமவெளிகளுக்கும் பரவி, அங்கே பெருங்களையாக நிற்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். கனடாவில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் கனோலாவும் அதே குடும்பம் என்பதால், களையைக் கொல்லும் மருந்து பயிரையும் கொன்றுவிடும் நிலை இருந்தது. களைக்கொல்லியைத் தாங்கும் கனோலா வகைகள் 1995 முதல் அங்கே பயிருக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஊர்க் கோதுமைக்கும் கனோலாவுக்கும் எழுதப்பட்ட மருந்துப் பரிந்துரையைப் படித்துவிட்டு ஓமலூர்க் கடலைக்கு அடித்தால் பயிர் போய்விடும். அதனால்தான் முதலில் செடி எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

பதில்: வாழப்பாடி பக்கம் கடலையும் குச்சிக்கிழங்கும் வைப்பவர்

ஆசிரியர் ஐயா செடியைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் காட்டு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா, ஐம்பது நாள் கடலையில் கொத்து போடாமல் நிறுத்தியது சரியான முடிவு. நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு மண்ணைக் கிளறினால் இறங்கிய விழுது அறுந்து காய் குறைந்துவிடும். இப்போது உங்களுக்கு இருப்பது கைக்களைதான். நல்ல மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது பிடுங்குங்கள். நாய்க்கடுகுக்கு ஆணிவேர் என்பதால் ஈரத்தில் நேராக மேலே இழுத்தால் முழுதாக வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு முறிந்து, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் பக்கக் கிளை விடும். கடலைச் செடியை ஒட்டி நிற்பதை மட்டும் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் கடலையின் விழுதும் சேர்ந்து மேலே வந்துவிடும். அவற்றை அரிவாளால் தரையோடு அறுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. இதன் இலையை அரைத்துத் தோலில் வைத்துக் கட்டினால் தோல் சிவந்து கொப்புளம் எழும். நாள் முழுவதும் பிடுங்குகிறவர்களின் கைக்கும் அந்தச் சாறு நல்லதல்ல.

இரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் முடிக்க ஆள் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எனவே எதை முதலில் பிடுங்குவது என்பதுதான் முக்கியம். நம் கண் உயரமான, பூத்துக் குலுங்கும் செடியைத்தான் முதலில் தேடும். ஆனால் நீங்கள் தேட வேண்டியது காய் பழுப்பேறத் தொடங்கிய செடியை. இதன் காய் நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து விதையைக் கொட்டும். பழுத்த செடியை ஒரு சாக்கைப் பிடித்து அதற்குள் தலைகீழாக விட்டு, பிறகு வேரைப் பிடுங்குங்கள். பச்சைக் காயும் பூவும் உள்ளவற்றுக்கு இன்னும் சில நாள் அவகாசம் உண்டு.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே போல் பிடுங்கிய செடிகளையெல்லாம் வரப்பிலேயே போட்டுவிட்டேன். வேர் வெளியே இருக்கிறதே, காய்ந்துவிடும் என்று நம்பினேன். செடி காய்ந்தது, ஆனால் முக்கால்வாசி முற்றியிருந்த காய்களும் செடியோடு சேர்ந்து காய்ந்து வெடித்தன. மறு ஆண்டு என் நான்கு வரப்புகளும் மஞ்சளாகப் பூத்தன, அங்கிருந்து மழைத்தண்ணீர் விதையைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த வரப்புகளைச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. காய் பிடிக்காத செடியை வரிசைக்கிடையில் மூடாக்காகவே போடலாம். காய் பிடித்ததைக் காட்டை விட்டு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடவே வேண்டாம்.

அடுத்த ஆண்டைப் பற்றி. எங்கள் அனுபவத்தில் இந்த விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைப்பதில்லை. மழைக்கு மழை தவணை தவணையாக வரும். ஆகவே முதல் மழை பெய்தவுடன் விதைக்கும் அவசரத்தை ஒரு தடவை அடக்கிக்கொள்ளுங்கள். மழை பெய்ததும் உழுது நிலத்தைச் சமன் செய்து விடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் களை இரண்டு இலை, நான்கு இலையில் பச்சையாகப் போர்த்தும். அப்போது மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டிவிட்டு, அடுத்த மழைக்குக் கடலையைப் போடுங்கள். அந்த இரண்டாம் உழவு ஆழமாக இருக்கக் கூடாது. ஆழ உழுதால் கீழே கிடக்கும் விதை மேலே வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பட்டம் தவறிவிடுமே என்ற கவலை நியாயமானது. அதனால் முழுக் காட்டையும் இப்படிச் செய்யாமல், களை மிக அதிகமாக உள்ள பாதியை மட்டும் முதல் ஆண்டில் செய்து பாருங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, கடலை விதைத்த மூன்று நாட்களுக்குள் மண்ணில் ஈரம் இருக்கும்போது பெண்டிமெத்தலின் தெளிப்பது இங்கே பலரும் செய்வது. அது முளைக்கும் விதையைத்தான் தடுக்கும். எழுந்து நிற்கும் செடியை ஒன்றும் செய்யாது. எனவே இப்போது கடையில் அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். களை இளசாக இருக்கும்போது, விதைத்த இருபது முதல் முப்பது நாட்களுக்குள் கடலைக்குள்ளேயே அடிக்கும் இமாசெத்தாபிர் என்ற மருந்தும் இருக்கிறது. ஆனால் அது மண்ணில் தங்கி, பின்னால் விதைக்கும் சில பயிர்களைப் பாதிக்கக்கூடியது. நீங்கள் கடலைக்குப் பின் கொள்ளு போடுகிறீர்கள் என்பதால், அளவையும் இடைவெளியையும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி மருந்தைக் கடலையில் அடிக்கவே கூடாது. கடலையும் அகன்ற இலைப் பயிர்தான். களையோடு அதுவும் போய்விடும். பக்கத்துக் காட்டில் அடித்தது காற்றில் வந்தாலே தக்காளி, கத்திரி, பருத்தி இலைகள் சுருண்டுபோகும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கைகொடுத்தது பயிர் மாற்றம். இரண்டு ஆண்டு கடலையை நிறுத்திவிட்டுச் சோளம் போட்டேன். சோளம் உயர்ந்து நிழல் கட்டுவதால் நாய்க்கடுகு மெலிந்து போகிறது. வரிசை இடைவெளியில் மாடு கட்டிக் களைக்கருவி ஓட்டவும் முடிகிறது. உங்கள் ஆடுகளுக்குச் சோளத்தட்டும் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: ஓமலூர் மேட்டுக்காடு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி காயைப் பிளந்து பார்த்தேன். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. மகரந்தத் தாள்களையும் எண்ண முயன்றேன், பதினாறு வரை எண்ண முடிந்தது. வாழப்பாடி அண்ணா சொன்ன சாக்கு யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விதையைப் பற்றிய என் கவலை மட்டும் இன்னும் தீரவில்லை. எங்கள் காட்டின் தெற்கு ஓரத்தில், வண்டிப்பாதையை ஒட்டி, முள்ளும் மஞ்சள் பூவும் உள்ள பிரம்மதண்டும் முளைப்பதுண்டு. அதன் விதையும் கடுகைப் போலவே இருக்கும் என்பதால் கேட்கிறேன்.

பதில்: ஆத்தூர்க்காரர், இப்போது டேராடூனில்

நாய்க்கடுகு விதை உண்ணத் தகாதது அல்ல. இங்கே உத்தராகண்ட் மலைப்பகுதியில் இதை ஜக்யா என்று அழைத்து, அன்றாடம் தாளிக்கப் பயன்படுத்துகிறார்கள். கடையில் பொட்டலமாகவே விற்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் சூடான எண்ணெயில் இதைப் போட்டால் கடுகைப் போல் வெடிக்கும், வெந்த பிறகும் பல்லில் நறநறவென்று கடிபடும், மணம் சீரகத்தையும் கடுகையும் சேர்த்தது போல் இருக்கும். என் வீட்டில் கடுகுக்கு அடுத்த டப்பாவில் இது இருக்கிறது. உங்கள் மாமியாரின் நினைவு தவறானதல்ல. சேலத்துச் சமையலறைகளில் மறைந்துபோன ஒரு பழக்கத்தை அவர் இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், சேலம்

டேராடூன் நண்பர் சொன்னது சரி. ஆனால் அம்மாவின் அச்சமும் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. அச்சப்பட வேண்டியது நாய்க்கடுகைப் பற்றி அல்ல, பிரம்மதண்டைப் பற்றி. மெக்சிகோவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் குடியேறிவிட்ட அந்தச் செடியின் விதையில் சாங்குயினரின் என்ற நஞ்சு உண்டு. அதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் 1998-இல் தில்லியில் ஏற்பட்ட நோயில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும், இதயம் பலவீனமாகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை குறையும். சிறு அளவில் தொடர்ந்து சேர்ந்தாலும் தீங்குதான்.

நல்ல கடுகு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டின் விதையும் உருண்டைதான், ஆனால் அதன் மேல் வலை பின்னியது போன்ற சொரசொரப்பு இருக்கும். நாய்க்கடுகு விதையும் சொரசொரப்பானது என்பதால் விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வடிவத்தைப் பார்க்க வேண்டும். நாய்க்கடுகு விதை சிறு நத்தை ஓட்டைப் போலச் சுருண்டு, தட்டையாக, ஒரு பக்கம் பிளவுபட்டிருக்கும். வெள்ளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்தால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பிரம்மதண்டு பெரும்பாலும் பனிக்காலம் முடிந்த பிறகே காய்க்கும். உங்கள் மாமியார் இப்போது மழைக்காலத்தில், காயோடு பறித்துத் தம் கையாலேயே உதிர்த்த விதை என்பதால் அதில் கலப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கடலை பிடுங்கும்போது களத்தில் கூட்டி எடுத்த விதையையோ, யாரோ சலித்துக் கொடுத்த விதையையோ சமையலுக்கு எடுக்காதீர்கள். களத்து மண்ணில் எந்தச் செடியின் விதையும் இருக்கலாம். மருந்து தெளித்த காட்டிலிருந்து எடுத்த விதையும் வேண்டாம்.

காதுவலிக்கு இதன் இலைச்சாற்றை விடும் பழக்கம் கிராமங்களில் உண்டு. கொப்புளம் எழுப்பும் சாறு என்று வாழப்பாடிக்காரர் சொன்னதை நினைவில் வைத்து, குழந்தைகளுக்கு அதைச் செய்யவே வேண்டாம்.

பதில்: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலையைக் கவனிப்பவர்

எருவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சேர்வராயன் மலைத் தோட்டங்கள் சிலவற்றுக்குக் கீழேயிருந்துதான் எரு லாரியில் ஏறி வருகிறது. அடிவாரத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய களைகள், எரு இறக்கிய இடத்தைச் சுற்றி முதலில் முளைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். காபிக்கு மேலே சில்வர் ஓக் நிழல் இருப்பதாலும், கீழே சருகு மூடிக் கிடப்பதாலும் வெயில் விரும்பும் இந்தச் செடி எங்கள் தோட்டத்துக்குள் நிலைப்பதில்லை. பாதை ஓரத்திலும் புதிதாக நடவு செய்த வெட்டவெளியிலும் மட்டும் நிற்கும். உங்கள் மேட்டுக்காட்டில் நிழல் கிடையாது, எனவே வந்த விதை தங்கிவிட்டது.

வாங்கிய எருவை நேராகக் காட்டில் இறைக்காமல், ஒரே குவியலாகக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மாதத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டிவிடுங்கள். நன்றாகப் புழுங்கும் குவியலின் நடுவில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும்; பெரும்பாலான களை விதைகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். ஓரத்தில் சூடு ஏறாது என்பதால்தான் புரட்ட வேண்டும் என்கிறேன். குவியலின் மேல் எது முளைத்தாலும் உடனே பிடுங்கிவிட வேண்டும். என்னென்ன விதைகளை விலைக்கு வாங்கியிருக்கிறோம் என்பதை அந்த முளைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இரண்டு டிராக்டர் எருவுக்கு மூன்று மாதம் கொடுத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்: ஓமலூர் மேட்டுக்காடு

மீண்டும் வணக்கம். நேற்று முன்தினம் இரவு நல்ல மழை. நேற்றுக் காலை நானும் கணவரும் மாமியாரும் இரண்டு ஆட்களும் இறங்கி, பழுத்த செடிகளை மட்டும் சாக்கில் தலைகீழாக விட்டுப் பிடுங்கினோம். மாலைக்குள் கிழக்குப் பக்கத்து முக்கால் ஏக்கர் முடிந்தது, நான்கு சாக்குகள் நிறைந்தன. கடலையை ஒட்டி நின்றவற்றை அரிவாளால் அறுத்தோம். மீதியை இந்த வாரத்துக்குள் முடித்துவிடுவோம். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். பொது வரப்பில் நிற்கும் செடிகளை ஞாயிற்றுக்கிழமை தம் ஆட்களோடு வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு கிழக்குப் பாதியில் சோளம் போடுவதென்று முடிவு செய்துவிட்டோம்.

மாமியார் வைத்திருந்த விதையைப் பிள்ளையின் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தோம். எல்லாம் நத்தை ஓட்டைப் போலத்தான் இருந்தன. அரைப் படிக்கும் குறைவாகவே இருக்கிறது. மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, ஒரு விதையும் வாசலில் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு குச்சிக்கிழங்குப் பொரியலுக்கு அதைத்தான் தாளித்தார்.